கையை விரித்தால் தொண்ணூறு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு லாண்டரி மேனேஜரின் வாயிலிருந்து வந்தது.

"உங்க அக்கா நல்லா கதை விடுறாங்கம்மா," என்றார் அவர். சொல்லும்போது பேனா மூடியால் காதைக் குடைந்துகொண்டிருந்தார்.

கதை விடுவது என் தொழில். அக்காவுடையது இல்லை. பகலில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன், மற்ற நேரத்தில் கதை எழுதுகிறேன். இரண்டு தொகுப்புகள் வந்திருக்கின்றன. சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கொன்று வாங்கிப்போய்ப் பத்திரமாகப் படிக்காமல் வைத்திருக்கிறார்கள். அக்காவுக்குப் பொய் சொல்லவே வராது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "உனக்கு இது நல்லாவே இல்ல" என்பாள். அவளைப் பார்த்து அந்த ஆள் அப்படிச் சொன்னார். சரி, கதைதானே வேண்டும்? விடுகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

கோபத்தில் எழுதக்கூடாது, ஆறப்போட வேண்டும் என்பார்கள். ஆறினால் நான் மன்னித்துவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். அதனால் சூட்டோடு சூடாக எழுதுகிறேன்.

இன்னொன்று. நடுநடுவே சதுர அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் தம்பி எழுதியது. அவன் ஒரு சின்னக் கம்பெனியில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறான். இந்தக் கதையில் வரும் புரோகிராமை எழுதியவனும் அவன்தான். அவனைப் பற்றி எழுதுகிறோமே, காட்டிவிடுவோம் என்று நியாயமாகக் கொடுத்தேன். பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவன் எழுதிய எதையும் நான் அழிக்கவில்லை.

[படிக்கத்தான் சம்மதிச்சேன். எழுதச் சம்மதிக்கல.]

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "ஈரத் துணிக்கும் துக்கத்துக்கும் ஒரே எடை."

அழகாக இருக்கிறது இல்லையா? அடித்துவிட்டேன். அக்காவின் தோள் கிழிந்த இடத்தில் நின்றுகொண்டு நான் அழகு பார்க்கக்கூடாது.

இரண்டாம் தொடக்கம்: "காலை ஷிஃப்டில் டிரம்மிலிருந்து விரிப்புகளை இழுத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று வீரி

வீரிட்டாள் என்று எழுதப் போனேன். சந்தேகம் வந்து அக்காவையே கேட்டேன்.

"சத்தமெல்லாம் போடலடி. துணி பாதி உள்ளயே இருந்துச்சு. மிச்சத்த இடது கையால இழுத்துப் போட்டுட்டுதான் உக்காந்தேன்."

அதனால் மூன்றாம் தொடக்கம், வெறும் தகவலாக. அக்கா வேலை செய்வது ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் விரிப்பு துவைத்துக் கொடுக்கும் பெரிய லாண்டரியில். அங்கே இருக்கும் துவைக்கிற டிரம்முக்குள் ஓர் ஆள் நின்று குளிக்கலாம். சுற்றி நின்றதும் விரிப்புகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கிடக்கும். கையைத் தோளுக்கு மேலே தூக்கி, முடிச்சைப் பிடித்து, உடம்பின் எடை முழுவதையும் போட்டு இழுக்க வேண்டும். அப்படி இழுத்தபோது வலது தோளுக்குள் ஏதோ அறுந்தது. தசைநார் கிழிந்திருக்கிறது, கை தலைக்கு மேல் நன்றாகத் தூக்க வரும்வரை டிரம் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர்.

கை எவ்வளவு தூக்க வருகிறது என்பதை யார் சொல்வது? அக்கா சொல்லலாம். ஆனால் அவளுடைய கை ஆயிற்றே, அவள் சொன்னால் செல்லாது.

3

லாண்டரி ஆபீஸ் சுவரில் ஒரு கேமரா இருக்கிறது. தோளில் ஒரு பச்சை ஸ்டிக்கர், மணிக்கட்டில் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். "முடிந்தவரை கையைத் தூக்குங்கள்" என்று திரையில் வரும். தூக்கினால் ஓர் எண் வரும். கை தொங்கினால் பூஜ்யம், பக்கவாட்டில் நேராக நீட்டினால் தொண்ணூறு, தலைக்கு மேல் முழுதாகத் தூக்கினால் நூற்று எண்பது டிகிரி. நூற்றிருபதைத் தாண்டினால் நீங்கள் குணமாகிவிட்டீர்கள். போய் வேலையைப் பாருங்கள்.

அந்தக் கருவி அங்கே வந்ததே அக்காவால்தான். தோள் கிழிவதற்கு முந்தின வருஷம், இப்படி ஒன்று வேண்டும் என்று மேனேஜர் யாரிடமோ சொன்னது அவள் காதில் விழுந்தது. "என் தம்பி செய்வான் சார்! அவனுக்கு இதெல்லாம் சும்மா ஊதித் தள்ற மாதிரி," என்று அவள் போய் நின்றாள். வாங்கிக் கட்டிக்கொள்வது என்றால் இதுதான்.

அக்காவுக்கு எத்தனை வந்தது தெரியுமா? நூற்று ஐம்பத்திரண்டு.

நான் கூடவே நின்றேன். அவள் கை இடுப்பைவிட்டு ஒரு சாணுக்குமேல் கொஞ்சம் விலகியது, அவ்வளவுதான். உதட்டைக் கடித்துக்கொண்டு அதற்குமேல் முயன்றாள். வரவில்லை.

"சார், எனக்கு இவ்ளோதான் சார் வருது."

"நூத்தி அம்பத்திரண்டு வந்திருக்கேம்மா," என்றார் மேனேஜர்.

"என் கையப் பாருங்க சார்."

"பாத்துக்கிட்டுதான இருக்கேன்."

அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை அவருக்கு எதிரே இருந்தது. கழுத்தை இந்தப் பக்கம் திருப்பினால் போதும். அதற்கும் ஒரு கருவி வாங்க வேண்டும் போலிருக்கிறது.

நான் கத்தினேன். அக்காதான் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தாள். வழியில் சொன்னாள்: "தம்பி போட்ட கணக்குடி. தப்பாவா இருக்கும்? எனக்குத்தான் மனசுல பயம் போல. தூக்கத் தூக்கச் சரியாயிடும்."

அடுத்த திங்கட்கிழமை டிரம்முக்குத் திரும்பினாள். வலது கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு இடது கையால் இழுத்தாள். முடியாதபோது வலதையும் சேர்த்தாள். கிழிந்தது இன்னும் கிழிந்தது.

[ஸ்டிக்கர் பச்சை இல்ல. மஞ்சள்.]

இவ்வளவும் படித்துவிட்டு இவனுக்குத் திருத்தத் தோன்றியது இதுதான்.

4

"கணக்குப் பிடிக்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்" என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். தாண்டக்கூடாது. ஆளாளுக்குத் தாண்டிப் போனதால்தான் இந்தக் கதி.

கம்ப்யூட்டருக்குத் தோளும் தெரியாது, கையும் தெரியாது. இரண்டு புள்ளி தெரியும். ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு எண்: குறுக்கே எவ்வளவு தூரம், நெடுக்கே எவ்வளவு தூரம். அக்காவின் தோள் குறுக்கே 300, நெடுக்கே 200. மணிக்கட்டு 394, 377. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் குறுக்கே 94, நெடுக்கே 177. இந்த இரண்டையும் கொடுத்தால் கை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை ஒரே வரியில் கணக்கிட்டுவிடலாம். பள்ளிப் பிள்ளைகள் செய்வது. விடை, செங்குத்துக் கோட்டிலிருந்து இருபத்தெட்டு டிகிரி.

இதுவரை சரி. ஆனால் அந்த 177 மேலேயா, கீழேயா?

பள்ளியில் வரைபடத்தாளில் கீழ் மூலையில் பூஜ்யம் போடுவோம். மேலே போகப்போக எண் பெருகும். திரை அப்படி இல்லை. அது அச்சுப் பக்கம்போல: மேல் மூலையில் தொடங்கும், கீழே வரவர எண் பெருகும். பெரிய எண் என்றால் கீழே. தினமும் பக்கத்தின் மேலிருந்து வரி எண்ணிப் பிழை குறிக்கிற எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். இவன் பள்ளிக்கூட ஞாபகத்தில் எழுதிவிட்டான். 377, 200ஐவிடப் பெரியது, ஆகவே மணிக்கட்டு தோளுக்கு மேலே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டான். தொங்கிக்கொண்டிருந்த கையைத் தூக்கி ஆகாயத்தில் வைத்தான். நூற்று எண்பதில் இருபத்தெட்டு போனால் நூற்று ஐம்பத்திரண்டு.

ஒரு கழித்தல் குறி. அவ்வளவுதான் வித்தியாசம்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: தலைகீழாக நின்றாலும் நடக்காது என்று சொல்வோம் இல்லையா? அக்கா நிஜமாகவே தலைகீழாக நின்று கையைத் தூக்கியிருந்தால், இந்தப் புரோகிராம் அவளுக்குச் சரியாக இருபத்தெட்டு காட்டியிருக்கும். தோள் கிழிந்தவர்கள் தலைகீழாக நிற்கவும் என்று சுவரில் எழுதி ஒட்டாதது மட்டும்தான் குறை.)

"எழுதினியே, சோதிச்சுப் பாக்கலியாடா?" என்று கேட்டேன்.

"பாத்தேன் சின்னக்கா. கரெக்டா தொண்ணூறு வந்துச்சு."

எழுந்து நின்று செய்துகாட்டினான். கையைப் பக்கவாட்டில் நேராக விரித்தான். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அந்த ஒரு நிலையில் மட்டும் மேல் கீழ் மாறினாலும் விடை மாறாது. என் தம்பியின் புரோகிராம், கையை விரித்தால் மட்டும் உண்மை சொல்லும்.

கையை விரிப்பது என்றால் தமிழில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என்னால் ஆகாது, என்னைக் கேட்காதே, வேறு இடம் பார். மேனேஜர் விரித்தார். அவருக்குமேல் இருந்தவர் விரித்தார். விரிக்கிறவர்களுக்கெல்லாம் அந்த ஊர்க் கணக்கில் பிழையே கிடையாது. தூக்கப் பார்த்த அக்காவுக்குத்தான் பிழை.

[அந்த ரூம் ரொம்பச் சின்னது. கையத் தூக்கினா ஃபேன்ல படும். அதனாலதான் பக்கவாட்டுல நீட்டினேன்.]

ஃபேன்! நான் இதைக் கற்பனை செய்திருந்தால் யாரும் நம்பமாட்டீர்கள்.

5

கண்டுபிடித்தது எப்படி என்று எழுத வேண்டும். இதில் நான் கெட்டிக்காரியாக வருவதுபோல ஒரு வடிவம் எழுதினேன். கேவலமாக இருந்தது. நடந்தது வேறு. யாரும் கெட்டிக்காரத்தனமாக எதையும் செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுச் சமையலறையில் சண்டை போட்டோம்.

"மெஷின் பொய் சொல்லாது சின்னக்கா," என்றான்.

"அப்ப அக்கா பொய் சொல்றாளா?"

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொல்ற? சொல்லு பாப்போம்."

அவனுக்குச் சின்ன வயதில் ஊமைக்கோட்டான் என்று பெயர். அதைச் சொல்லிக் கூப்பிட்டேன். ரோஷம் வந்துவிட்டது. லேப்டாப்பை அடுப்பு மேடையில் வைத்தான். பில் கட்டிய காகிதத்தைக் கிழித்து, எச்சில் தொட்டு, அக்காவின் தோளிலும் மணிக்கட்டிலும் ஒட்டினான்.

"தூக்குக்கா."

அக்கா தூக்கினாள். நூற்று நாற்பத்தொன்பது.

"இன்னும் தூக்கு."

முகம் கோணிக்கொண்டு இன்னும் கொஞ்சம் தூக்கினாள். நூற்று நாற்பத்தாறு. தூக்கத் தூக்கக் குறைந்தது.

அவன் திரையையும் கையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மெதுவாக, "கையத் தொங்கப் போடுக்கா," என்றான்.

தொங்கப் போட்டாள். நூற்று எண்பது. முழு ஆரோக்கியம். உலகத்திலேயே நன்றாகக் கையைத் தூக்குகிறவள் என் அக்கா, ஏனென்றால் அவள் கையைத் தூக்கவே இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். அக்காவும் சிரித்தாள், தோள் வலித்தது, நிறுத்திக்கொண்டாள். தம்பி சிரிக்கவில்லை. திரையை மூடி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "நான் பாத்துக்கிறேன்," என்றான்.

அந்த ஒரு வார்த்தையை நாங்கள் நம்பினோம்.

[நான் பாத்துக்கிட்டேன். அன்னிக்கே சரி பண்ணிட்டேன்.]

6

பண்ணினான். அதைத்தான் சொல்ல வருகிறேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், அவன் அறையில் உட்கார்ந்தபடியே கழித்தல் குறியை மாற்றி, லாண்டரிக் கருவிக்கு இன்டர்நெட் வழியாக அனுப்பிவிட்டான். அங்கே ஒருவருக்கும் தெரியாது.

குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்ததாம்.

அடுத்த தடவை அக்காவைக் கேமரா முன்னால் நிறுத்தினார்கள். இருபத்துநான்கு வந்தது. சரியான எண். இதற்குத்தான் காத்திருந்தோம் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது எனக்கு. மேனேஜர் பழைய எண்ணையும் புது எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"போன தடவை நூத்தி அம்பத்திரண்டு. இப்ப இருபத்துநாலு. நடுவுல டிரம்ல வேலையும் பாத்திருக்காங்க. கையே தூக்க வராதவங்க எப்படிம்மா டிரம்ல வேலை பாத்தாங்க?"

"இடது கையால இழுத்தேன் சார்," என்றாள் அக்கா.

"உங்க மெஷின் தலைகீழா இருந்துச்சு. இப்பதான் நேரா இருக்கு," என்றேன் நான்.

"அப்படியா? அந்தக் கம்பெனிக்காரங்களையே கேட்டுட்டோம். எந்தப் பிழையும் இல்லன்னு எழுத்துல குடுத்திருக்காங்க."

எழுதிக் கொடுத்தது தம்பியின் முதலாளி. இன்றைய தேதிக்கு அது பொய்கூட இல்லை, பாருங்கள். பிழை இல்லைதான். இருந்தது என்றுதான் சொல்லவில்லை.

"லீவுக்காக வேணும்னே கையத் தூக்காம நடிக்கிறாங்க. விசாரணை வைக்கப்போறோம்," என்றார் மேனேஜர். அதற்கப்புறம்தான் பேனா மூடியைக் காதுக்குள் விட்டார், கதை விடுகிறாள் என்று சொன்னார். ஏமாற்றியதாக விசாரணையில் முடிவானால் வேலை போகும், சிகிச்சையும் நிற்கும். ஏமாற்றுக்காரி என்று பெயர் வாங்கியவளை வேறு எந்த லாண்டரியிலும் சேர்க்கமாட்டார்கள். அவளைக் காப்பாற்ற ஒரே ஒரு வாக்கியம் போதும்: "முதல் எண் தப்பு, நான்தான் தப்பாக எழுதினேன்." அதைச் சொல்லக்கூடிய ஆளும் ஒரே ஒருவன்தான்.

சாட்சிக்கு இன்னொருவரும் உண்டு. லாண்டரி வேன் ஓட்டுகிறவர். அவருக்கும் தோளில் அடிபட்டிருந்தது, அது எப்போதோ குணமாகிவிட்டது. கையை முழுதாகத் தலைக்கு மேல் தூக்கினார், கருவி ஒன்பது டிகிரி என்றது. வீட்டில் காலை நீட்டிக்கொண்டு லீவை அனுபவித்தார். புரோகிராம் திருந்தியதும் ஒன்பது நூற்றெழுபத்தொன்று ஆனது. எல்லோரும் கை குலுக்கினார்களாம். விசாரணைக்கு வந்து இதைச் சொல்லுங்கள் அண்ணே என்று கேட்டேன்.

"எரியிற வீட்ல புடுங்கின வரைக்கும் லாபம்மா. இப்பப் போயி என் லீவக் கிளறணுமா?"

அவரும் கையை விரித்தார். அவருக்கு நன்றாக விரிக்க வந்தது.

7

ஒரு சிக்கல். தம்பியை வில்லனாக எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. முதலில் அவனுக்கு மெல்லிய மீசையும் நழுவுகிற கண்ணும் கொடுத்தேன். அவனுக்கு மீசையே கிடையாது. பார்த்தால் நேராகத்தான் பார்ப்பான், வாயைத்தான் திறக்கமாட்டான். பிறகு அவனைப் பாவமாக எழுதினேன். வீட்டுக் கடன், கைக்குழந்தை என்று போட்டேன். இரண்டும் அவனுக்குக் கிடையாது. பாவப்பட்டவனாக இருந்தால் எனக்கு எழுதச் சுலபம். அவன் சாதாரணமாகப் பயந்தவன், அவ்வளவே.

அக்கா வீட்டில் வைத்துக் கேட்டேன். அக்கா துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு முனையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு இடது கையால் மடிப்பாள்.

"ஏண்டா சொல்லமாட்டேங்குற?"

"முதலாளிகிட்ட சொன்னேன். வெளிய சொல்லக்கூடாதுன்னுட்டாரு. இன்னும் நிறைய இடத்துல அதே மெஷின் ஓடுது சின்னக்கா. ஒரு இடத்துல தப்புன்னு ஒத்துக்கிட்டா எல்லாரும் பழசக் கிளறுவாங்க. கம்பெனியே மூடிடும்."

"நிறைய இடத்துலயா? அங்கயெல்லாம் எத்தனை பேரு தொங்குற கையோட வேலைக்குப் போனாங்க? அதையும் சத்தமில்லாம சரி பண்ணிட்டியா?"

கல்லுளிமங்கன்போல உட்கார்ந்திருந்தான்.

"வாயத் திறடா!"

"போய்ச் சொன்னா, திரும்பி வராதன்னாரு."

"அக்கா வேலை போனாப் பரவாயில்ல, உன் வேலை போகக்கூடாது. அப்படித்தான?"

"அவன விடுடி," என்றாள் அக்கா. தாடையிலிருந்து துணி கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள்.

எனக்கு வந்ததே கோபம்! அவன்மேல் வந்ததைவிட அவள்மேல் அதிகமாக வந்தது. எத்தனை நாளைக்குத்தான் எல்லோரையும் விட்டுக்கொண்டே இருப்பாள்? பக்கம் பக்கமாக நான் கத்துகிறேன், இவள் துணி மடிக்கிறாள்.

[நான் முடியாதுன்னு சொல்லவே இல்ல. யோசிக்கிறேன்னுதான் சொன்னேன்.]

(முடியாது என்று சொல்லவில்லைதான். வாசகர் மேலே பார்த்துக்கொள்ளலாம். யோசிக்கிறேன் என்றுகூட இவன் சொல்லவில்லை.)

8

விசாரணை நெருங்கியது. கதைக்கு முடிவு வேண்டும். மூன்று எழுதினேன்.

முடிவு ஒன்று. தம்பி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறான். "என் தவறு. ஒரு குறியைத் தலைகீழாகப் போட்டேன். அதற்கு என் அக்கா தன் தோளைக் கொடுத்தாள்" என்கிறான். அறை உறைந்துபோகிறது. மேனேஜர் தலைகுனிகிறார்.

[நான் இப்படியெல்லாம் பேசமாட்டேன்.]

தெரியும்டா. உனக்காக நான் பேசிப் பார்த்தேன்.

முடிவு இரண்டு. நான் பேசுகிறேன். மேலே நான்காம் பகுதியில் உள்ளதையெல்லாம் கரும்பலகையில் வரைந்து விளக்குகிறேன். "நீங்க யாரும்மா?" என்று கேட்கிறார்கள். "கதை எழுதுறேன்" என்கிறேன். மேனேஜர் சிரிக்கிறார். இதற்குமேல் இதை எழுத முடிய

முடிவு மூன்று. அக்கா தலையை நிமிர்த்தி, "நான் பொய் சொல்லல" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒருவரையும் காட்டிக்கொடுக்காமல், யார்மீதும் வருத்தமில்லாமல், அமைதியாக வெளியே நடக்கிறாள். இடது கையில் பை. வெயில். இது ஒரே மூச்சில் வந்தது. படித்துப் பார்த்து நானே அழுதேன். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அக்காவிடம் கொடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து படித்தாள். ஃபேன் வந்த இடத்தில், "அட ஆமா, அவன் ரூம்ல ஃபேன் தாழ்வாத்தான் இருக்கும்," என்றாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் பேனா கேட்டாள். இடது கையால், கோணல்மாணலாக, மூன்று முடிவுகளையும் அடித்தாள். மூன்றாவதைக் காகிதம் கிழிய அடித்தாள்.

"இவ யாருடி?" என்றாள்.

"நீதான்."

"நானா? என்னை ஏன் இவ்வளவு நல்லவளா ஆக்கி வெச்சிருக்க? எனக்குக் கோபம் வராதுன்னு உன்கிட்ட யாரு சொன்னா?"

"நீதான அவன விடுன்னு சொன்ன..."

"சண்டைய நிறுத்தச் சொன்னேன். மன்னிச்சுட்டேன்னா சொன்னேன்? நீ ஒருத்தி இவ்வளவு சத்தம் போட்டா நடுவுல நான் எங்க கத்துறது? ராத்திரி ஒருக்களிச்சுப் படுக்க முடியல எனக்கு. தலை வார முடியல. அவன் மேல எனக்கு அப்படியொரு கோபம் இருக்கு. உன் மேலயும் இருக்கு."

"என் மேல எதுக்குக்கா?"

"இதுக்குத்தான்!" என்று காகிதக் கட்டை மேஜையில் அடித்தாள். "என் தோள வெச்சு நீ அழுதிருக்க பாரு, இதுக்கு. அவன் திரையில என் கையத் தூக்கி மேல வெச்சான். நீ காகிதத்துல என்னையே தூக்கி மேல வெச்சுட்ட. ரெண்டு பேருல ஒருத்தராவது நான் இருக்கிற இடத்துல என்னைப் பாத்தீங்களா?"

மெய்ப்புத் திருத்துகிறவள் நான், கிழிந்த பக்கத்தை எடுத்து மடித்து வைத்துக்கொண்டேன்.

"நாளைக்கு நானே பேசுறேன். நீங்க ரெண்டு பேரும் வெளிய உக்காருங்க. அவனையும் வரச் சொல்லு. வரலன்னா நானே போய் அவன் சட்டையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வருவேன்னு சொல்லு, இந்த இடது கையாலயே."

9

இந்தப் பகுதியில் சதுர அடைப்புக்குறி வராது. இதை அவன் இன்னும் படிக்கவில்லை.

விசாரணை லாண்டரி ஆபீஸின் மாடியில். அறைக்கு வெளியே சுவரை ஒட்டி ஒரு பெஞ்சு. நானும் தம்பியும் உட்கார்ந்திருக்கிறோம், நடுவில் ஓர் ஆள் உட்காருகிற இடம் விட்டு. கீழே டிரம் சுற்றுவது பெஞ்சின் பலகையில் அதிர்கிறது. அவன் வந்துவிட்டான், அதைச் சொல்லிவிட வேண்டும். இஸ்திரி போட்ட சட்டை போட்டிருக்கிறான். என்ன யோசித்திருக்கிறான் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

உள்ளே மேனேஜரின் குரல் கேட்கிறது. அவருக்குமேல் இருப்பவரின் குரலும், வெளியிலிருந்து வந்திருக்கும் விசாரணை அதிகாரியின் குரலும். பிறகு அக்காவின் குரல். முதலில் தாழ்வாக, பிறகு தாழ்வாக இல்லை. அவள் கத்தி நான் கேட்டதே இல்லை. வார்த்தைகள் தெரியவில்லை. ஒரே ஒரு தடவை "பாருங்க!" என்பது மட்டும் கதவைத் தாண்டி வந்தது.

அப்புறம் சத்தமே இல்லை. நாற்காலி நகர்கிறது. கதவு திறக்கிறது.

விசாரணை அதிகாரி ஒரு வயதான அம்மா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு எங்கள் இருவரையும் பார்க்கிறார். அவர் தோளுக்குப் பின்னால் அக்காவின் முதுகு தெரிகிறது. அவள் திரும்பவில்லை.

"இந்த மெஷினுக்குப் புரோகிராம் எழுதினது தன்னோட தம்பிதான், வெளிய உக்காந்திருக்காருன்னு இந்தம்மா சொல்றாங்க. வந்திருக்காரா?"

சொல்லிவிட்டாள். அவள் பங்கு முடிந்தது.

தம்பி என்னைப் பார்க்கிறான். எனக்கு அந்தப் பார்வை தெரியும். வகுப்பில் டீச்சர் கேட்டால், விருந்தாளி கேட்டால், கடைக்காரர் கேட்டால், இவனுக்குப் பதில் நான்தான் சொல்வேன். இப்போதும் வாய்வரை வந்துவிட்டது: இதோ, இவன்தான். சொன்னால் என் வாக்கியமாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்க்கிறேன். பெஞ்சு அதிர்கிறது, டிரம்மினாலா அவனாலா என்று தெரியவில்லை.

நான் இங்கே பேனாவை மூடுகிறேன். இதற்குமேல் ஒரு வரி எழுதினாலும் அவனை எழுப்பி நிற்கவைத்துவிடுவேன், அது எனக்குத் தெரியும். கூடப் பிறந்தவன். நீங்கள் கூடப் பிறக்கவில்லை. அவனை நீங்கள் பாருங்கள்.

"வந்திருக்காராங்க?" என்று அந்த அம்மா இரண்டாம் தடவை கேட்கிறார்.